நண்டின் முதுகில் ஒரு கைரேகை

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதம், சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது. தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன ஊரில், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். நான் செய்த தப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அதில் மற்றவர்கள் பெயர் எதற்கு?

முதலில் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காகிதம் மடிக்கிற பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் செய்வோமே கப்பல், ராக்கெட், அதெல்லாம் இல்லை. ஓரிகாமி என்று சொல்கிறார்களே, அதில் கஷ்டமான வகை. ஒரே ஒரு சதுரத் தாள்தான். கத்தரிக்கோல் படக்கூடாது, பசை தொடக்கூடாது. மடித்து மடித்தே ஆறு கால், இரண்டு கொம்போடு ஒரு வண்டைக் கொண்டுவர வேண்டும். ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது மொபைலில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தனியாக இருக்கிற எனக்கு அது நன்றாகவே பிடித்துக்கொண்டது.

ஒரு உருவத்துக்கு இருநூறு, முந்நூறு மடிப்பு இருக்கும். மை தீர்ந்துபோன பேனாவால் தாள் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோடாக மடித்து விரிக்க வேண்டும். பாதி நாள் வெறும் கோடுகளாகவே இருக்கும். ஒரு கட்டத்தில் எல்லா மடிப்பும் ஒரே நேரத்தில் உள்ளே சுருங்கும், அப்போதுதான் உருவம் தெரிய ஆரம்பிக்கும். அந்த நிமிடத்தின் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று மேஜை மேல் வரிசையாக வைத்திருப்பேன். "இதை நீங்களா செஞ்சீங்க, வெட்டவே இல்லையா?" என்று யாராவது கேட்டால் போதும், அன்றைக்குச் சோறு வேண்டாம் எனக்கு.

இதில் பெரிய தலைவலி தாள்தான். நாங்கள் நகல் எடுக்கிற தாள் இதற்கு உதவாது. பத்து அடுக்கு சேர்ந்தால் தடித்துப் போய், மடிப்பில் வெடித்துவிடும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும், கிழியாமலும் இருக்க வேண்டும், பெரியதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு தாளுக்காக ஏங்கிக்கொண்டே இருப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன் உறையைத் தடவிப் பார்க்கிற ஆள் நான்.

ஜெராக்ஸ் கடையில் தினம் நடக்கிற ஒன்று உண்டு. நகலை வாங்கிக்கொண்டு அசலை மெஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காகவே ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, மார்க் ஷீட் எல்லாம் அதில் கிடக்கும். அட்டைகளை எத்தனை வருடமானாலும் வைத்திருப்பேன். வெறும் தாள் என்றால் ஒரு மாதம் பார்ப்பேன், யாரும் வராவிட்டால் எடுத்துவிடுவேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரிலேயே பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருப்பதால், எந்தத் தாள் செல்லும், எது செல்லாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது.

அந்த வருடம் ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. மனு கொடுக்கிற நாள் என்பதால் கடையில் நிற்க இடமில்லை. சாயங்காலம் மெஷினைத் துடைக்கும்போது மூடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. நடுவில் மடித்த பெரிய தாள். விரித்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பழுப்பேறிப் போயிருந்தது. உதறினேன், சடசடவென்று சத்தம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நார் நாராக ஓடியது. இவ்வளவு மெல்லிய, இவ்வளவு உறுதியான தாளை என் கையால் அதுவரை தொட்டதில்லை.

இடது பாதியில் யாரோ பழைய கையெழுத்தில் நெருக்கமாக எழுதியிருந்தார்கள். எழுத்து முடிகிற இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கைரேகை. வலது பாதி காலி, அதன் ஓரத்தில் மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கையெழுத்துகள். முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை. ஏதோ வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டது, செல்லாத காகிதம் என்று அந்த நொடியே முடிவு கட்டிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படிக்கக்கூட இல்லை. பெட்டியில் போட்டேன். உண்மையைச் சொன்னால், யாரும் வந்து கேட்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான் போட்டேன்.

ஒரு மாதம் கழிந்ததோ இல்லையோ, ஆவணி பிறந்ததும் அதை எடுத்துவிட்டேன். வயல் நண்டு ஒன்று செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, இரண்டு கண், எல்லாம் ஒரே தாளில். செவ்வகத்தைச் சதுரமாக்க வேண்டுமே, அதற்காக ஓரத்தில் ஒரு பட்டையை வெட்டினேன். கத்தரி படாத கலை என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிற நாங்கள் இந்த முதல் வெட்டை மட்டும் வெட்டு என்றே நினைப்பதில்லை. எந்த ஓரத்தை வெட்டலாம் என்று நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். வலது ஓரத்தை வெட்டினால் அந்த ஊதா ரேகை சரியாகச் சதுரத்தின் நடுவில் வந்தது. நடுவில் வந்தால் அது நண்டின் முதுகில் வரும். பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மனிதன் கை வைத்த இடம் எனக்கு அலங்காரமாகத்தான் தெரிந்தது.

ஒரே ஒரு எரிச்சல். அந்தத் தாளை யாரோ நீள நீளமாகப் பாதியாக மடித்து, திரும்பவும் பாதியாக மடித்து வைத்திருந்தார்கள். அதனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குறுக்கே மூன்று பழைய மடிப்புகள். மடிப்புக்குள் அழுக்கு இறங்கிப் பழுப்புக் கோடாகவே ஆகியிருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மடிக்கத் தெரியாத யாரோ ஒரு நல்ல தாளைக் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று திட்டிக்கொண்டேன்.

ஐந்து நாளில் நண்டு முடிந்தது. நான் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. வெட்டிய பட்டையையும் வீணாக்கவில்லை. எங்கள் மாதிரிக் கடைகளில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்க ஒரு துண்டுத் தாளை மேஜையில் ஒட்டி வைப்போம். கையெழுத்துகள் இருந்த பக்கத்தைக் கீழே வைத்து, நாலு பக்கமும் டேப் போட்டு, அதற்கு ஒட்டிவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். புடவை முந்தானையில் சேறு காய்ந்திருந்தது. நடவிலிருந்து அப்படியே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் மஞ்சள் பை. கடைக்குள் வராமல் மேஜைக்கு வெளியே நின்றே பேசினார்.

"தங்கச்சி, ஆடி மாசம் இங்க ஒரு காயிதம் ஜெராக்ஸ் எடுத்தேன். அசலு இங்கனயே விட்டுட்டேன் போல. பையில இருக்குன்னே நெனச்சுட்டிருந்தேன். நேத்துதான் எடுத்துப் பாத்தேன், ரெண்டும் ஜெராக்ஸா இருக்கு."

நான் சாதாரணமாகப் பெட்டியை எடுத்துத் துழாவ ஆரம்பித்தேன். அவர் ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் குடியிருக்கிற மனையை, அப்பா காலத்தில், அவர் பண்ணை வேலை பார்த்த மிராசுதார் எழுதிக் கொடுத்தாராம். பத்திரம் எல்லாம் கிடையாது, வெள்ளைத்தாள்தான். இப்போது மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் நிலத்தோடு சேர்த்து அந்த மனையையும் விற்கப் போகிறார்கள். பட்டா கேட்டு இவர் மனு போட்டிருக்கிறார். வியாழக்கிழமை விசாரணை.

"ஜெராக்ஸ்ல எழுத்து ஒரு தாள்ல இருக்கு, கையெழுத்து வேற தாள்ல இருக்கு, ரெண்டும் ஒரே காயிதந்தான்னு நாங்க எப்புடி நம்புறதுன்னு கேக்குறாங்கம்மா. அசலக் காட்டுனாத்தான் ஆச்சு. பெரிய காயிதம். ஊதா மையில எங்கப்பா ரேகை இருக்கும்."

என் கை பெட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது. பெரிய தாளை இரண்டு பாதியாக, இரண்டு நகலாக எடுத்துக் கொடுத்தவளே நான்தான். நிமிர்ந்து பார்த்தேன். அவர் நண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, என் பதட்டம் தெரியாமல், ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கே. நீ செஞ்சதா? ஆனா ரெண்டு கொடுக்கும் ஒரே அளவா இருக்கு. நம்ம வயல் நண்டுக்கு ஒண்ணு பெருசா இருக்கும்" என்றார். அவர் படிக்கத் தெரியாதவர். தன் அப்பாவின் ரேகை கண்ணெதிரே இருந்தும், நண்டின் முதுகில் அதைத் தேட அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? அவருடைய இன்னொரு கை ஊன்றியிருந்தது அந்தப் பட்டையின் மேல்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இங்க இல்லக்கா. வேற எங்கயாவது விட்டிருப்பீங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை, வாதாடவில்லை. நண்டை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். "ஒன்னச் சொல்லி என்ன, நாந்தான் மறந்துட்டேன். பெட்டியெல்லாம் தேட வச்சிட்டேன், தப்பா நெனச்சுக்காத" என்றார். கிடைத்தால் தகவல் சொல்லச் சொல்லி ஊரையும் தெருவையும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கணவருக்கு போன் செய்தேன். அவர் பயந்துவிட்டார். "தெரியாதுன்னு சொல்லிட்டேல்ல, அதோட விடு. கேஸு அது இதுன்னு மாட்டிக்காத" என்றார். அவர் சொன்னது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. நண்டை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன். வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் பேனாவை எடுத்து, எழுதுகிறதா என்று பார்க்க அந்தப் பட்டையில் சுழித்தார். "அதுல எழுதாதீங்க!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதமாக யார் யாரோ கிறுக்கிய தாள்தான். அவர் பாவம், திகைத்துப்போய்ப் பேனாவை வைத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். டேப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஒற்றி ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டையை உரித்து எடுத்தேன். மேல் பக்கம் முழுக்கக் கிறுக்கல். திருப்பிப் பார்த்தேன். மூன்று கையெழுத்தும் அப்படியே இருந்தன.

மறுநாள் காலை நண்டை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு, பட்டையை ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டியில் அந்த ஊருக்குப் போனேன். தெருவில் கேட்டதற்கு வயலைக் காட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். வரப்பு ஓரத்தில் நிஜமான நண்டு வளைகள் இருந்ததைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஆனால் எல்லாரும் நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள், எனக்கும் சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அக்கா, உங்க காயிதம் எங்கிட்டதான் இருக்கு. நேத்து பொய் சொல்லிட்டேன். அத வெட்டி நண்டு செஞ்சுட்டேன்" என்றேன். சொன்னது எனக்கே கேவலமாகக் கேட்டது. "போலீசுல புடிச்சுக் குடுக்கணும் இவள" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த அக்கா கையில் இருந்த நாற்றுமுடி தீரும் வரை குனிந்து நட்டார். பிறகு கரையேறி, வாய்க்காலில் கையைக் கழுவி, முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். நண்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "பிரிக்க முடியுமா?" என்றார். முடியும் என்றேன். "அப்ப எங்க வீட்டுல வந்து, எம் முன்னாடி பிரி" என்றார்.

சிமெண்ட் தரை போட்ட ஓட்டு வீடு, அதற்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு அடிபம்பு. அவர் இழந்துவிடக்கூடிய இடம் இதுதான். தரையைத் துடைத்துப் பாய் விரித்தார். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் நண்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். மடிப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம். மடிக்கும்போது எந்த இடத்தில் அவசரப்பட்டேன், எங்கே நகத்தால் அழுத்தினேன் என்று எல்லாம் தெரிந்தது. கால்களை ஒவ்வொன்றாக நீட்டி, அடுக்குகளை இடுக்கியால் விலக்கி, கண்களைத் திறந்து, முதுகைத் தளர்த்தினேன். கொடுக்கு இருந்த மூலையில் தாள் நகக்கண் அளவு கிழிந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் சதுரம் முழுதாக விரிந்தது. நூற்றுக்கணக்கான கோடுகள், கசக்கி எறிந்து எடுத்த தாள் மாதிரி இருந்தது. பக்கத்தில் பட்டையை வைத்தேன். அந்த ஊதா ரேகையின் மேல் அவர் தன் கட்டைவிரலை, தொட்டும் தொடாமலும் வைத்து எடுத்தார். பிறகு செய்தித்தாளுக்கு நடுவில் இரண்டையும் வைத்து, அதன் மேல் ரேஷன் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். நான் எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவருகிறேன் என்றதற்கு, "வேணாம். இனிமே இது எங்கிட்டதான் இருக்கும்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கடையைத் திறக்காமல் விசாரணைக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். எதிர்த்தரப்பில் மிராசுதாரின் பேரன் வந்திருந்தார். மரியாதையாகப் பேசுகிற மனிதர். அக்கா பையிலிருந்து தாளையும் பட்டையையும் எடுத்து மேஜையில் வைத்தார். தாசில்தார் புருவத்தைச் சுருக்கினார். இது என்ன, யார் இப்படிக் கசக்கினது, யார் வெட்டினது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்று எழுந்து நின்றேன். எதற்கு என்றார். நண்டு செய்தேன் என்றேன். "நண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் அறை முழுக்கச் சிரித்தது. எதிர்க் கடைக்காரி என்று என்னைத் தெரிந்தவர்கள்தான் பாதிப்பேர் அங்கே. மெஷினுக்கு அடியில் கிடந்தது முதல் பொய் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அந்த அக்கா ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரன் பட்டையைக் குனிந்து பார்த்தார். "மேல இருக்கறது எங்க தாத்தா கையெழுத்துதான் சார், கீழ ரெண்டும் சாட்சிங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா இது இந்தக் காகிதத்துல இருந்து வெட்டினதுதான்னு எப்படி நம்பறது? வேற எதுல இருந்து வேணாலும் வெட்டியிருக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். வெட்டிய விளிம்பைச் சேர்த்து வைத்தால் பொருந்தத்தான் செய்தது. ஆனால் ஸ்கேல் வைத்து நேராக வெட்டியிருந்தேனே, அதோடு எந்தத் தாளும் பொருந்தும். எழுத்து எதுவும் பட்டைக்குள் நீளவில்லை. என் வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. எந்தச் சுத்தத்துக்காக ஊரில் பெருமையடித்துக்கொண்டிருந்தேனோ, அதுவே அவர் வீட்டைப் பறித்துவிடும் போல இருந்தது.

தாசில்தார் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில், கண்ணாடியின் மேல் சேர்த்து வைத்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார்.

நான் போட்ட கோடுகள் தாள் முழுக்க வெள்ளை வெள்ளையாக, அந்த விளிம்போடு நின்றுபோயிருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே மூன்று பழுப்புக் கோடுகள் தாளிலிருந்து கிளம்பி, என் வெட்டைத் தாண்டி, பட்டைக்குள் நேராக ஓடின. மூன்றும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்தன. நடுக் கோட்டில் ஒரு எண்ணெய்க் கறை, பாதி தாளில், பாதி பட்டையில். நான் இஸ்திரி போட்டும் போகாத கோடுகள் அவை. மடிக்கத் தெரியாத யாரோ என்று நான் திட்டிய அந்தக் கை போட்டவை.

"இப்படி மடிச்சது யாரும்மா?" என்று தாசில்தார் அக்காவைக் கேட்டார். "எங்கம்மாங்க. பாதியா மடிச்சு, திரும்பப் பாதியா மடிச்சு, சுருக்குப் பையில வச்சிருக்கும். அது சாகுற வரைக்கும் வேற மாதிரி யாரையும் மடிக்க விடாது" என்றார்.

பேரன் கோடுகளைத் தானும் விரலால் தடவிப் பார்த்தார். தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். தாசில்தார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் வாக்குமூலத்தையும் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். வெளியே வந்ததும் அக்கா மரத்தடியில் நின்று பட்டையைத் தாளின் நடுவில் வைத்தார். பாதியாக மடித்தார், திரும்பப் பாதியாக மடித்தார். என் முந்நூறு மடிப்பும் எங்கே போனது என்றே தெரியாமல் தாள் பழைய கோடுகளில் தானாக விழுந்தது. பையில் போட்டுக்கொண்டார். பஸ் பிடிக்கப் போனார்.

தை மாதம், அறுவடை முடிந்த நேரத்தில், பட்டாவை நகல் எடுக்க என் கடைக்கே வந்தார். ஊரில் வேறு கடைகளும் உண்டு. ஏன் என்னிடம் வந்தார் என்று நான் கேட்கவில்லை. என்னை மன்னித்தாரா என்றும் கேட்கவில்லை. நகல் வந்ததும் நான் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன். "இரு, நானே எடுத்துக்கிறேன்" என்று உள்ளே வந்து, மூடியைத் தானே திறந்து, அசலை எடுத்துப் பைக்குள் வைத்த பிறகுதான் நகலை வாங்கிக்கொண்டார். அவர் செய்ததுதான் சரி. அன்றிலிருந்து யார் வந்தாலும் அசலை அவர்கள் கையில் கொடுத்த பிறகுதான் நகலைக் கொடுக்கிறேன்.

இப்போதும் மடிக்கிறேன். வண்டும் மீனும் மேஜை மேல் இருக்கின்றன. நண்டு மட்டும் மறுபடி செய்யவில்லை. புதுத் தாளே கைக்கு வந்தாலும் வெட்டுவதற்கு முன் ஜன்னலோரம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்து, எனக்கு முன்னால் யாராவது அதை மடித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.